குழிக்கு வந்த வேலி

அத்தியாயம் 14

பாகம் பிரித்த அன்றைக்குப் பெரிய மனிதர்கள் எல்லாவற்றையும் அளந்தார்கள். தென்னைகளை எண்ணினார்கள், கிணற்றுத் தண்ணீருக்கு முறை போட்டார்கள், கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல் யாருக்கு என்று ஒரு காப்பி குடிக்கிற நேரம் விவாதம்கூடச் செய்தார்கள். மாடு வைத்திருப்பவளுக்குச் சாணி கொட்ட ஓர் இடம் வேண்டுமே என்பது மட்டும் அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாடுகளும் அவற்றைக் கட்டுகிற கொட்டகையான கட்டுத்தரையும் தம்பி சரவணனுக்கு வந்தன. தென்னந்தோப்பும் அதன் ஓரத்தில் இருந்த குப்பைக்குழியும் அண்ணன் சுப்பையனுக்குப் போயின. கிணத்துக்கடவுப் பக்கம் குப்பை என்றால் வேண்டாமென்று தூக்கி எறிவது அல்ல; நிலத்துக்குப் போடுகிற எரு. அது கிடந்து மக்குவதற்கு ஒரு குழி வேண்டும். குழி போன பிறகுதான் இந்த வீட்டின் நிம்மதியும் போனது.

தீபாவளி முடிந்த கையோடு சுப்பையன் கல்லுக்கால் நட்டு, குழியைத் தன் பக்கம் வைத்து முள்கம்பி வேலி இழுத்துவிட்டார். காரணம் கேட்ட சரவணன் மனைவி கீதாவுக்குச் சுப்பையனின் மனைவி பொற்கொடி பதிலே சொல்லவில்லை. ஓரகத்திகள் இருவரும் ஒரே பாத்திரத்தில் மாவு கரைத்தவர்கள். அதற்குப் பிறகு முகம் பார்த்துப் பேசுவதுகூட நின்றுபோனது.

மாடுகளுக்கு வேலி இருப்பது தெரியுமா? அவை பாட்டுக்குச் சாணி போட்டுக்கொண்டிருந்தன. மாடுகள் மெத்தென்று படுக்கட்டும் என்று கீதா தரையில் நார்த்தூள் பரப்பி வைப்பாள். தேங்காய் மட்டையில் நார் எடுக்கிற மில்லில் கழிவாக விழுவது அது. மூத்திரத்திலும் சாணியிலும் ஊறியதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும். சுரண்டியதை எங்கே கொண்டுபோவது? கட்டுத்தரையின் பின்சுவருக்கும் வேலிக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி நிற்கிற அகலம்தான் இருந்தது. அங்கேயே சுவரோடு சாய்த்துக் கொட்டினாள். அகலத்துக்கு வழியில்லாததால் குப்பை உயரத்துக்குப் போனது. தை முடிவதற்குள் அவள் தலையைத் தாண்டிவிட்டது.

போன வாரம் பொற்கொடி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, சோற்றுத் தட்டில் ஈ வந்து உட்காருகிறது என்று சத்தம் போட்டதையும், கீதா இந்தப் பக்கம் நின்று ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்ததையும் பார்த்தோம். அதோடு விட்டிருக்கலாம். கீதாவின் ரோஷம் விடவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் பெரிய தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து குப்பை மேட்டை இழுத்து மூடி, சுற்றிலும் கல் வைத்தாள். இனி இதிலிருந்து ஒரு ஈ வெளியே வரட்டும், பார்க்கிறேன் என்று பொற்கொடியின் காதில் விழும்படி சொல்லியும் வைத்தாள்.

அந்த ரோஷத்துக்கு விலை இந்த வெள்ளிக்கிழமை வந்தது.

காலையில் பால் பீய்ச்சி முடித்ததும் கீதா பின்பக்கம் போய்த் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கினாள். குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. அவளுக்குச் சந்தோஷம். ஊரில் அதை ‘குப்பை வேகுது’ என்பார்கள். உள்ளே சூடேறி வெந்தால்தான் சாணியும் நார்த்தூளும் கறுத்து மண்ணாக மாறும். வெந்த குப்பைக்கு மரியாதை உண்டு. குழி இல்லாமலேயே வேகவைத்துவிட்டேன் பார் என்று வேலியைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அன்புமணியின் டிராக்டர் வந்து நின்றது. அடுத்த ஊரில் தக்காளி போடுகிறவர். நடவுக்கு முன்னால் தக்காளிக் காட்டுக்குக் குப்பை அடிக்கவேண்டும், ஆட்களோடு வந்திருக்கிறேன், மொத்தத்தையும் இப்போதே ஏற்றிக்கொள்கிறேன் என்றார். கடப்பாரையை மேட்டில் சொருகிப் பார்த்துவிட்டு, ரொம்ப நன்றாக வேகிறது என்று பாராட்டவும் செய்தார்.

கீதா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“இன்னைக்கு வெள்ளிக்கெழமைங்க. குப்பை வெளிய போகாதுங்க. நாளைக்கு வெடியால வந்து எடுத்துக்கங்க.”

அன்புமணி நாக்கைக் கடித்துக்கொண்டார். கிழமை மறந்து வந்துவிட்டேன் என்று அவரே மன்னிப்புக் கேட்காத குறை. வெள்ளிக்கிழமை குப்பையை வெளியே விட்டால் லட்சுமியும் அதோடு வண்டி ஏறிவிடுவாள் என்பது இங்கே யாரும் யாருக்கும் விளக்க வேண்டாத விஷயம். சொருகிய கடப்பாரையைக்கூட அப்படியே விட்டுவிட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு அவர் திரும்பிப் போனார். கீதாவைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக்காரியாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

வெயில் ஏறியதும் செவலைக்கு வலி கண்டது. கீதாவிடம் இருக்கிற ஐந்தில் அதுதான் பெரிய கறவை, அவள் கையில் வளர்ந்த மாடு. அது நல்லபடியாகக் கன்று போட்டுவிட வேண்டுமே என்பது அவளுக்குச் சாதாரணக் கவலை இல்லை. சரவணனுக்கு மதுக்கரையில் சிமெண்ட் குடோனில் வேலை. தினமும் போய்வர முடியவில்லை, அங்கேயே வீடு பார்த்துவிட்டேன், மாடுகளைக் கொடுத்துவிட்டு வா என்று பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். கீதா மறுத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கட்டுத்தரையில் இனி ஒரே ஒரு தொந்தரவு வந்தாலும் மாடுகள் வியாபாரியிடம் போகும். அவள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கீதா சரி என்று சொல்லியிருந்தாள். சொன்ன நாளிலிருந்து ஒரு மாடு தும்மினாலும் அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

செவலை பின்சுவரோரம் படுத்துக்கொண்டது. கீதா பக்கத்தில் உட்கார்ந்து அதன் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். அப்போதுதான் அந்த வாடை வந்தது. சாணி வாடை அவளுக்குப் பழக்கம். இது அது இல்லை. அடுப்பில் துணி கருகுகிற வாடை. எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்தாள்.

வெளியே ஓடினாள். தார்ப்பாயின் நடுப்பகுதி உருகிச் சுருங்கியிருந்தது. அதைப் பிடித்து இழுத்ததும் வெள்ளையாக வந்துகொண்டிருந்த ஆவி மஞ்சளாக மாறியது. காலையில் அன்புமணி சொருகிவிட்டுப் போன கடப்பாரையைப் பிடுங்கினாள். இரும்பு உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டது.

வேகவில்லை. எரிந்துகொண்டிருந்தது.

குழியில் கொட்டியிருந்தால் அடுக்குக்கு அடுக்கு மண் போட்டிருப்பாள், ஈரம் நின்றிருக்கும். இங்கே தலைக்குமேல் ஏற்றி, மேலே பாயையும் போட்டு அமுக்கி, உள்ளே இருந்த சூட்டுக்குப் போக வழியில்லாமல் அடைத்துவைத்தவள் அவளேதான். காலையில் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டவளும் அவளேதான்.

மற்ற நான்கு மாடுகளையும் அவிழ்த்து வாசல் வேம்படிக்கு விரட்டினாள். செவலை எழுந்திருக்கவில்லை. அதட்டினாள், வாலைத் திருகினாள், கெஞ்சினாள். கன்றின் முன்னங்கால்கள் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டன. இனி அந்த மாட்டை யாராலும் நகர்த்த முடியாது. தலைக்குமேலே கூரை பாதி தகரம், பாதி காய்ந்த தென்னங்கீற்று.

தண்ணீர்த் தொட்டியில் இருந்ததைக் குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றினாள். காய்ந்த நார்த்தூள் தண்ணீரைக் குடிக்காது. ஊற்றியதெல்லாம் மேலோடு வழிந்து அவள் காலுக்கே திரும்பி வந்தது. தொட்டி காலியாயிற்று. கிணற்று முறை இன்றைக்குப் பொற்கொடிக்கு. மோட்டார் தண்ணீர் தோப்புப் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சரவணனுக்குப் போன் செய்தாள்.

“கொட்டாயிக்குப் பின்னாடி குப்பை பத்தீருச்சுங்க. செவலை கன்னுப் போட்டுட்டு இருக்குது. எந்திரிக்க மாட்டீங்குதுங்க.”

சரவணன் குடோன் சத்தத்துக்கு மேல் கத்தினான்.

“நீ வெளிய வந்துரு கீதா. போனாப் போகுது. மாடுதானே.”

தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்கிறேன், நானும் கிளம்பி வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான். சிறிது நேரத்தில் மறுபடி அழைத்து, வண்டி வேறொரு தோப்புத் தீக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றான். கீதாவின் காதில் அது சரியாக ஏறவில்லை. ‘மாடுதானே’ என்ற அந்த ஒரு சொல்லிலேயே அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் உயிருக்குப் பயந்துதான் அப்படிச் சொல்லியிருப்பான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

இனி ஒரே வழிதான் இருந்தது. சுவரோரத்திலிருந்து குப்பையை இழுத்துத் தள்ளவேண்டும். இழுத்துப் போட இடம் வேலிக்கு அந்தப் பக்கம்தான். அங்கே பழைய குழி ஒரு கூடைச் சாணிகூட விழாமல் வெறுமனே கிடந்தது.

பொற்கொடி ஏற்கெனவே வேலியருகில் வந்து நின்றிருந்தாள். புகையைப் பார்த்துத்தான் வந்திருக்கவேண்டும். போன வாரம் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிய அதே இடம். ஆனாலும் கீதா கூப்பிட்டாள்.

“அக்கா, வேலியைத் தொறந்து உடுங்க. குப்பையை அக்கட்ட தள்ளோணுங்க்கா. செவலை உள்ள கெடக்குது.”

பொற்கொடி புகையைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். கீதாவின் உரிந்த கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

கீதா அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரியோடா இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் பொங்கினோம் என்று மனசு கொதித்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகவே மேட்டில் இறங்கினாள்.

“நடுவுல கொத்தாத!”

பொற்கொடி ஓடிவந்துகொண்டிருந்தாள். சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் சொருகியிருந்தாள். ஒரு கையில் கட்டிங் பிளேயர், இன்னொரு கையில் தோப்பிலிருந்து இழுத்துவந்த தண்ணீர்க் குழாய்.

“மில்லுல நார்த்தூள் பத்துனதைப் பாத்திருக்கறேன். நடுவுல காத்துப் போச்சுன்னா ஒரேயடியாப் புடிச்சுக்கும். செவுத்தோரமா மொதல்ல தண்ணியை உடு.”

சொல்லிக்கொண்டே கம்பியைக் கத்தரித்தாள். ஒவ்வொரு கம்பியும் அறுபட்டுச் சுருண்டு அவள் முழங்கையைக் கீறியது. பொற்கொடி அதைக் கவனிக்கவில்லை.

கீதா குழாயைச் சுவரோரம் பிடிக்க, பொற்கொடி மேட்டின் வெளிப்பக்கத்திலிருந்து மண்வெட்டியால் வழித்து வழித்துக் குழிக்குள் தள்ளினாள். விழுந்த குப்பையின் மேல் குழிக்கரை மண்ணை வெட்டிப் போட்டாள். மேலே ஈரம், அடுத்து காய்ந்த தூள், அதற்கும் உள்ளே சாம்பல் பூத்துச் சிவந்த கங்கு. இத்தனை நாளும் வாய் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே எரிந்திருக்கிறது.

பாதி மேடு இறங்கிய நேரத்தில் காற்று ஒரு வீசு வீசியது. கங்கிலிருந்து எழுந்த தீ ஓர் ஆள் உயரத்துக்கு எம்பிக் கூரையோரக் கீற்றைத் தொட்டது. கீதா குழாயைப் போட்டுவிட்டுச் சுவரில் ஏறினாள். பற்றிய கீற்றைக் கையாலேயே பிடித்து இழுத்தாள். அது அடுத்த கீற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தது; வரவில்லை. உள்ளே செவலை அடிவயிற்றிலிருந்து கத்தியது. பொற்கொடி கீழே கிடந்த குழாயை எடுத்துக் கூரையையும் கீதாவையும் சேர்த்து நனைத்தாள். கட்டு அறுந்து, கீற்றும் கீதாவும் ஒன்றாகக் கீழே விழுந்தார்கள்.

விழுந்தவள் எழுந்து பார்த்தபோது கூரையில் புகை மட்டும்தான் இருந்தது.

“நீ போய்க் கன்னைப் பாரு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்றாள் பொற்கொடி.

உள்ளே கன்று பாதி வந்திருந்தது. கீதா எரிச்சலெடுத்த கைகளாலேயே அதன் கால்களைப் பிடித்து, செவலை முக்குகிற நேரம் பார்த்து இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்து அவள் மடியிலேயே விழுந்தது. பெண்கன்று, கிடாரி. மூக்கைத் துடைத்துவிட்டதும் தலையை உதறித் தும்மியது. செவலை திரும்பி அதை நக்க ஆரம்பித்தது. கீதா அப்போதுதான் அழுதாள். கொஞ்ச நேரம் நன்றாக அழுதாள்.

வெளியே வந்தபோது பின்சுவர் கறுத்துப்போய் நின்றது. மேடு இருந்த இடம் வெறும் தரை. குழி நிறைந்து, அதன்மேல் தண்ணீர் ததும்பி, அங்கங்கே குமிழி விட்டுக்கொண்டிருந்தது. பொற்கொடி குழிக்கரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் கரி. கீதா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்று கிடாரி என்று சொன்னாள். பொற்கொடி தலையை மட்டும் ஆட்டினாள்.

நன்றி சொல்லத்தான் கீதா வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“இந்த வேலியே போடாம இருந்திருந்தா இத்தனையும் ஆகியிருக்குமாங்க்கா?”

கேட்ட பிறகு கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. பொற்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கரி இன்னும் பரவியது.

“ஈ வருதுன்னு சண்டை புடிச்சது நாந்தான். அதை இல்லீங்கல. எனக்கு வாயி சாஸ்தி.” அறுந்து கிடந்த கம்பியைப் பார்த்தாள். “ஆனா வேலி நாங்க போடலை அம்மிணி.”

கீதாவுக்குப் புரியவில்லை. கல்லுக்கால் நட்டதை அவள் கண்ணாலேயே பார்த்தவள்.

“நட்டது எங்கூட்டுக்காரருதான். நடச் சொன்னது கொழுந்தனாரு. கம்பி, கல்லு எல்லாம் அவருதான் எறக்கிக் குடுத்தாரு. குப்பை போட எடமில்லைன்னா ரெண்டு மாசத்துல நீயே மாட்டைக் குடுத்துப்போடுவேன்னு சொன்னாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கூட்டுக்காரருகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு. ஒரே ஊட்டுல ஆம்பளைங்க ரெண்டு பேரு சேந்து பேசுனதுல, கெட்ட பேரு மட்டும் எனக்கு வந்துச்சு.”

பொற்கொடி எழுந்து மண்வெட்டியைக் குழி ஓரத்தில் தட்டி மண்ணை உதிர்த்தாள். மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குள் போனாள்.

கீதா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். குழியை விட்டுக்கொடு அண்ணா என்று சரவணன் அண்ணனிடம் போய்க் கெஞ்சியதாக வீட்டில் வந்து சொன்னது நினைவுக்கு வந்தது. அண்ணன் அசையவே இல்லை என்று சொல்லும்போது அவன் குரல் கம்மியதும் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவனுக்காகப் பொற்கொடியைச் சபித்துக்கொண்டே அவள் சோறு போட்டாள். அவன் இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மாட்டை வேண்டாம் என்று அவன் நேராகச் சொன்னபோதெல்லாம் அவள் நேராகச் சண்டை போட்டிருக்கிறாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. தாலி கட்டியவன் தன்னோடு மல்லுக்கு நிற்கலாம். தனக்குத் தெரியாமல் வேலி கட்டலாமா?

வாசலில் பைக் சத்தம் கேட்டது. சரவணன் அதை வேம்படியில் நிறுத்தி, ஸ்டாண்டைக் காலால் தள்ளிவிட்டுப் பின்பக்கம் பார்த்து ஓடிவர எடுத்தவன், எதிரே கீதா வந்து நின்றதைக் கண்டு அங்கேயே நின்றான். அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். எரிந்த கைகளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. அந்த மாற்றம் பொய் இல்லை. அதுதான் கீதாவுக்கு இன்னும் வலித்தது.

“செவலைக்கு ஒண்ணும் ஆகலயே?” என்றான்.

“கன்னுப் போட்டிருச்சுங்க. கிடாரி.”

அவன் மூச்சு விட்டான். அவள் கையைப் பிடிக்க வந்தான். கீதா கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவள் குரல் ஏறவே இல்லை. மரியாதையும் குறையவில்லை.

“ஏனுங்க, அந்த வேலிக் கம்பி நீங்க வாங்கிக் குடுத்ததுங்களா?”

சரவணன் பைக் பக்கம் திரும்பி, ஸ்டாண்டைப் போடக் குனிந்தான். ஸ்டாண்டு ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.